ஃப்ளோரன்ஸில் ‘பிரைவேட் வாக்கிங் டூர்’ புக் செய்யும் முன் இதைப் படியுங்கள்

இத்தாலியில் இருக்கும் ஃப்ளோரன்ஸ் நகருக்குப் போகிறவர்கள், அங்கே கைடு வைத்து நடந்து ஊரைச் சுற்றிப் பார்க்க ஆன்லைனில் பணம் கட்டப் போகிறவர்கள், கட்டுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். அப்பா, அம்மாவோடு போன இடத்தில் எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்.

நாங்கள் எடுத்தது ‘பிரைவேட் டூர்’. எங்கள் மூவருக்கு மட்டும் ஒரு கைடு, மூன்று மணி நேரம். கதீட்ரல், சிக்னோரியா சதுக்கம், பொன்டே வெக்கியோ பாலம், கடைசியில் அகாடமியா கேலரியில் மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை. ‘நுழைவு உட்பட, வரிசையில் நிற்க வேண்டாம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மொத்தம் 330 யூரோ. அப்பா ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். டேவிட்டின் வலது கையைக் கரும்பலகையில் வரைந்து காட்டித்தான் நரம்பு, மூட்டு எல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். அவருக்காகத்தான் இந்த டூரே.

முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. சந்திக்கும் இடம் கதீட்ரல் வாசல் இல்லையாம், ரிபப்ளிக்கா சதுக்கமாம். சரி என்று அங்கே போய் நின்றோம். அரை மணி நேரம் தாமதமாக ஒருவர் வந்தார், கூடவே வேறொரு தம்பதி. “இவர்களும் நம்மோடு வருகிறார்கள், சின்னக் குழுதானே” என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். பிரைவேட் என்று சொல்லித்தானே பணம் வாங்கினீர்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

அவர் கழுத்தில் அடையாள அட்டை எதுவும் இல்லை. இத்தாலியில் டூரிஸ்ட் கைடு வேலை பார்க்க லைசென்ஸ் வேண்டும். 2023இல் கொண்டுவந்த 190ஆம் எண் சட்டப்படி தேசியப் பட்டியலில் பெயரும் பதிவாகியிருக்க வேண்டும். கேட்டேன். “ஆபீஸில் இருக்கிறது” என்றார்.

கதீட்ரலுக்கு எதிரே உள்ள திருமுழுக்கு மண்டபத்தின் தங்கக் கதவைக் காட்டி, “மைக்கேலாஞ்சலோ செய்தது, ஒரிஜினல்” என்றார். இரண்டுமே தப்பு. அதைச் செய்தவர் கிபெர்ட்டி என்ற சிற்பி. 1425இல் தொடங்கி 1452 வரை அந்த ஒரு கதவுக்காக உழைத்திருக்கிறார். 1966 நவம்பரில் ஆர்னோ ஆறு கரைபுரண்டபோது அதன் தகடுகள் சில பெயர்ந்து விழுந்தன. பழுதுபார்த்த பிறகு ஒரிஜினலைக் கதீட்ரலுக்குப் பின்னால் இருக்கும் மியூசியத்தில் வைத்துவிட்டார்கள். வாசலில் இருப்பது நகல். மைக்கேலாஞ்சலோ அந்தக் கதவைச் ‘சொர்க்கவாசல்’ என்று புகழ்ந்ததாகச் சொல்வார்கள், அவ்வளவுதான். இதையெல்லாம் சொல்வதற்குத்தானே கைடு?

அடுத்து நேராகச் சாந்தா குரோச்சே ஆலயத்தின் பக்கம் ஒரு தோல் கடை. இது டூர் பட்டியலிலேயே இல்லை. கடைக்காரர் ஒரு கோட்டை எடுத்து விரித்து, அதன்மேல் சிகரெட் லைட்டரைப் பற்றவைத்து, பாருங்கள் கருகவில்லை, அசல் தோல் என்று காட்டினார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து அம்மாவின் தோளில் போட்டுப் பார்த்தார். நம்ம ஆள் கல்லாப் பக்கம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விட்டது. ஒன்றும் வாங்காமல் வெளியே வந்ததும் அவர் பேச்சே மாறிவிட்டது.

சிக்னோரியா சதுக்கத்தில் பழைய அரண்மனை வாசலில் நிற்கும் டேவிட்டைக் காட்டி, “இதோ நீங்கள் கேட்ட சிலை” என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, “இது நகல்தானேப்பா? அசலை உள்ளே கொண்டுபோய் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சே” என்றார். உண்மைதான். 1504 முதல் அங்கே நின்ற சிலையை 1873இல் அகாடமியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது சதுக்கத்தில் நிற்பது 1910இல் வைத்தது. அதைச் சொன்னால், “அச்சு அசலாக அதேதான், இங்கேயே நிம்மதியாகப் பாருங்கள்” என்கிறார். விடாமல் கேட்ட பிறகுதான் ரிக்காசோலி தெருவில் கேலரி வாசல் வரை கூட்டிக்கொண்டு போனார். அங்கே தெரு நீளத்துக்கு வரிசை. எங்கள் பெயரில் டிக்கெட்டே எடுக்கவில்லை. கவுண்டரைக் கை காட்டிவிட்டு, நேரம் முடிந்தது என்று போய்விட்டார். முழங்கால் வலியோடு அந்தக் கல் பாவிய தெருக்களில் அவ்வளவு தூரம் நடந்து வந்த அம்மா, ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று ராத்திரியே கேலரியின் அதிகாரப்பூர்வத் தளத்தில் மறுநாள் காலை 8.15 மணிக்கு டிக்கெட் எடுத்தேன். அப்போது 16 யூரோ, முன்பதிவுக்கு 4 யூரோ. கூட்டம் சேர்வதற்குள் அப்பா சிலையை நாலு பக்கமும் சுற்றிவந்து, அந்தக் கையைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். ஐந்து மீட்டருக்கு மேல் உயரம். சதுக்கத்து நகலைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும்? எனக்குக் கோபம் பணத்தைவிட இதில்தான்.

புகாருக்கு வந்த பதில் இது: கைடு வந்தார், டூர் நடந்தது, ஆகவே ரீஃபண்ட் கிடையாது, அடுத்த புக்கிங்கில் 10 சதவீதம் தள்ளுபடி தருகிறோம். வவுச்சரின் அடியில் பொடி எழுத்தில் ‘நுழைவு உட்பட’ என்பதற்கு ‘டிக்கெட் வாங்க உதவி’ என்று விளக்கம். டூரை விற்றவர் ஒருவர், நடத்துபவர் இன்னொருவர், வந்தவர் மூன்றாவது ஆள். யாரும் பொறுப்பேற்கவில்லை.

அதே டூரின் காலண்டரை மறுபடி திறந்து பார்த்தேன். திங்கட்கிழமையும் புக்கிங் திறந்திருக்கிறது. அகாடமியாவுக்கு வழக்கமான விடுமுறையே திங்கட்கிழமைதான்! மாதத்தின் முதல் ஞாயிறும் இருக்கிறது, அதே விலையில். அன்றைக்கு அரசு மியூசியங்களில் நுழைவு இலவசம். நீங்கள் பார்க்கும் டூரிலும் முதலில் இந்த இரண்டு நாட்களைத் தட்டிப் பாருங்கள். கதீட்ரலுக்குள் போகவே டிக்கெட் என்று காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். உள்ளே போக இலவசம். 463 படி ஏறிக் குவிமாடத்தின் உச்சிக்குப் போகத்தான் டிக்கெட்டும் நேரப் பதிவும் தேவை.

பணம் கட்டும் முன் கைடின் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். மியூசியம் டிக்கெட்டை உங்கள் பெயரில் எடுத்திருக்கிறார்களா, எந்த நேரத்துக்கு என்று கேளுங்கள். நடுவில் கடை ஏதாவது உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். சாந்தா குரோச்சே ஆலயத்துக்கு ஹோட்டலில் சொல்லி லைசென்ஸ் உள்ள ஒரு பெண் கைடை அழைத்தோம். கேட்காமலேயே அட்டையைக் காட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். கலிலியோ கல்லறையின் முன் அவர் சொன்னதை அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வாட்ஸ்அப் செய்திகள், வவுச்சர், மறுநாள் நாங்களே எடுத்த டிக்கெட்டின் ரசீது எல்லாவற்றையும் வைத்து கார்டு வங்கியில் பணத்தைத் திருப்பிக் கேட்டு டிஸ்பியூட் போட்டிருக்கிறேன். டிக்கெட் பங்கை மட்டும் தற்காலிகமாக வரவு வைத்திருக்கிறார்கள். மீதிக்கு விசாரணை நடக்கிறது.