லெங்தனா, எக்ஸ்டெண்டா, ப்ரொலாங்கா?

‘நீட்டுவது’ என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை எங்கே போடுவது என்ற வழக்கை நாகர்கோவில் ரயிலை வைத்தே பாதி தீர்த்துவிடலாம். திருவனந்தபுரத்தோடு நின்றுகொண்டிருந்த ஒரு வண்டியை நாகர்கோவில் வரை ஓடவிட்டால் அது எக்ஸ்டெண்ட். கூட்டம் தாங்காமல் அதே வண்டியில் இரண்டு பெட்டிகளைக் கூடுதலாகக் கோத்தால் அது லெங்தன். முதலாவதில் வண்டி ஓர் அடிகூட நீளவில்லை, ஓடும் தூரம்தான் கூடியது. ‘த ட்ரெயின் வாஸ் லெங்தண்ட் டு நாகர்கோவில்’ என்று யாராவது எழுதினால், இன்ஜின் நாகர்கோவில் கோட்டாறிலும் கடைசிப் பெட்டி திருவனந்தபுரத்திலும் கிடக்கிறது என்று அர்த்தமாகிவிடும்.

ஒரு பொருளுக்கு ஏற்கெனவே இருக்கிற நீளத்தைக் கூட்டுவதுதான் லெங்தன். பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் போன வருடத்துப் பாவாடையைத் தையல் கடைக்குக் கொண்டுபோனால், உள்பக்கம் மடித்துத் தைத்ததைப் பிரித்து இறக்கிவிடுவார்கள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுக்காத துணி ஒரு பட்டையாகத் தெரியும். ‘லெங்தன் த ஸ்கர்ட்’ என்பது அந்த வேலைதான்.

தானாக நீள்வதற்கும் இதே சொல்தான். சாயங்கால நிழல் லெங்தன் ஆகிறது. டிசம்பர் 22 தாண்டினால் பகலும் அப்படியே. கன்னியாகுமரியில் இது யார் கண்ணிலும் படாது. 8 டிகிரி அட்சரேகையில் இருக்கிற நமக்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசமில்லை. லண்டனில் அது எட்டு மணி நேரத்துக்கும் மேல். ‘த டேஸ் ஆர் லெங்தனிங்’ அவர்கள் அன்றாடம் பேசுகிற பேச்சு.

எக்ஸ்டெண்ட் கொஞ்சம் தாராளம். கை, கடன் தவணை, விசா, விருந்துக்கு அழைப்பு எல்லாம் அதில் அடங்கும். சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்கு 45 நாளாக இருந்த மீன்பிடித் தடைக்காலம் 61 நாளானதும் எக்ஸ்டெண்ட்தான். ‘லெங்தன் மை லீவ்’ என்று மேலாளருக்கு எழுதினால் புரிந்துகொள்வார், ஆனால் சிரிப்பார். தமிழில் நீட்டுவது, நீட்டிப்பது என்று ஒரே வேரிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால் நமக்கு இந்தத் தடுமாற்றம்.

இரண்டும் பொருந்துகிற இடமும் உண்டு. தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் படகுகள் கவிழ்வதால், அலைத்தடுப்புச் சுவரை நீட்ட வேண்டும் என்று மீனவர்கள் நெடுநாளாகக் கேட்டுவந்தார்கள். அதை லெங்தன் என்றால் எத்தனை மீட்டர் என்பதில் கவனம். எக்ஸ்டெண்ட் என்றால் எதுவரை என்பதில். நானாக இருந்தால் மனுவில் எக்ஸ்டெண்ட் என்றே எழுதுவேன். கடலுக்குள் எதுவரை போகிறது என்பதுதானே அங்கே பிரச்சினை.

ப்ரொலாங் பெரும்பாலும் காலத்துக்கு மட்டும், அதிலும் சலிப்போடு. கூட்டத்தை எக்ஸ்டெண்ட் செய்தார்கள் என்றால் முடிவெடுத்து நேரத்தைக் கூட்டினார்கள். ப்ரொலாங் செய்தார்கள் என்றால் எழுந்து போகவிடாமல் இழுத்தார்கள். உயிரை நீட்டிக்கும் மருந்துக்கு மட்டும் அந்தச் சலிப்பு கிடையாது. இன்னும் மோசமான இழுத்தடிப்புக்கு ப்ரோட்ராக்ட் இருக்கிறது, வழக்கு நடத்துகிறவர்களுக்கு உதவும்.

எலாங்கேட் என்பது உருவம் ஒடுங்கி நீள்வதற்கு, ஆய்வுக்கூடத்துச் சொல். பாவாடைக்கு அதைப் போடுவது பந்தா. ஸ்ட்ரெட்ச் இழுத்து நீட்டுவது: விட்டால் ரப்பர் பேண்ட் சுருங்கிவிடும், இறக்கித் தைத்த பாவாடை சுருங்காது.

இடையில் ஒரு வேடிக்கை. ஷார்ட், வைட் போன்றவை நேராகவே ஷார்ட்டன், வைடன் ஆகின்றன. லாங்கோ ‘லாங்கன்’ ஆகாமல், லெங்த் வழியாகச் சுற்றிக்கொண்டு லெங்தன் ஆகிறது. ஸ்ட்ராங், ஸ்ட்ரெங்த், ஸ்ட்ரெங்தன் போன வழி அதுவே. லாங்கை அப்படியே வினையாகப் போட்டால் ஏங்குவது என்று பொருள். வளைகுடாவில் விசாவை எக்ஸ்டெண்ட் செய்துவிட்டு ‘ஐ லாங் ஃபார் ஹோம்’ என்று வீட்டுக்கு எழுதலாம்.

அப்புறம், கூடவே வரும் சின்னச் சொற்கள். எவ்வளவு என்பதற்கு ‘பை’: ‘லெங்தன் இட் பை டூ இஞ்சஸ்’, ‘எக்ஸ்டெண்ட் மை லீவ் பை டூ டேஸ்’. எதுவரை என்றால் ‘எக்ஸ்டெண்ட் மை லீவ் டில் மண்டே’. விடுப்புக் கடிதத்தில் ‘டில் மண்டே’ என்று எழுதும்போது, திங்களும் விடுப்பா, திங்கள் வேலைக்கு வருகிறீர்களா என்ற சண்டை வரும். தேதியைப் போட்டுவிடுவது நல்லது.