ஓய்ந்த எண்ணெய்க் கிணறு: கம்பெனி காசா, நம் வரிப்பணமா?

தமிழகக் கடற்கரைக்கு அப்பால் கடலில் உள்ள பிஒய்-3 எண்ணெய் வயலில் 2011-லேயே உற்பத்தி நின்றுவிட்டது. இப்படி ஓய்ந்துபோகும் கிணறுகளை அடைத்து, மேடையையும் குழாயையும் அகற்றும் செலவு யாருடையது?

எண்ணெய் எடுத்தவரே செலவைக் கட்டுவது ஒரு வழி. நம் நாட்டில் 1999-ல் வந்த தள மீட்பு நிதித் திட்டம் இதற்குத்தான். வருமானம் வரும்போதே கம்பெனி வங்கியில் பணம் போட்டு வைக்கலாம். அதற்கு வருமான வரிச் சலுகையும் உண்டு. ஆக, இதிலும் கொஞ்சம் நம் பணம் இருக்கிறது.

அரசே ஏற்பது இன்னொரு வழி. கம்பெனி திவாலானாலும் வேலை நிற்காது, சரி. ஆனால் ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். நார்தர்ன் எண்டெவர் என்ற, கடலடிக் கிணறுகளிலிருந்து எண்ணெய் எடுக்கும் கப்பலைப் பெரிய நிறுவனம் ஒன்று சின்ன நிறுவனத்திடம் தள்ளிவிட்டது. சின்னது திவாலானது. அகற்றும் பொறுப்பு அரசின் தலையில் விழுந்தது. அப்புறம்தான் கடலில் எண்ணெய் எடுக்கும் எல்லா நிறுவனங்களிடமும் பீப்பாய்க்கு 48 சென்ட் வசூலிக்கச் சட்டம் போட்டார்கள்.

கடலடியில் கிடக்கும் இரும்பில் வலை கிழிந்தால் நஷ்டம் கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவருக்கு. சுத்தம் செய்யும் செலவையும் அவர் கட்டும் வரியிலிருந்தே எடுப்பது அநியாயம். நான் முதல் வழியின் பக்கம்தான். ஆனால் விற்றுவிட்டுப் போனவரையும் விடக்கூடாது. பிரிட்டனின் 1998 பெட்ரோலியச் சட்டத்தில் பழைய உரிமையாளரைத் திரும்பக் கூப்பிட்டுச் செலவைக் கேட்க வழி இருக்கிறது.