சாட்ஸ்வொர்த்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம்: 14 மாத அனுபவம்

என் அக்காவின் கணவரை அவருடைய சொந்தத் தம்பியே, தென்னாப்பிரிக்காவில் டர்பன் அருகே உள்ள வெருலத்தில் இருவரும் சேர்ந்து நடத்திவந்த ஹார்ட்வேர் கடையின் பின்னறையில் சுட்டுக் கொன்றான். குற்றத்தை ஒப்புக்கொண்டு இப்போது சிறையில் இருக்கிறான். அத்தான் உயில் எழுதி வைத்திருக்கவில்லை. வீடு, கடையில் பாதி, வங்கிக் கடன், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், தீர்ப்புக்குக் காத்திருந்த விவாகரத்து வழக்கு என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நாங்கள் போய் நின்ற இடம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகம். அவர்களிடம் 14 மாதங்கள் சேவை பெற்ற பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். காப்பீட்டு நிறுவனத்துடன் கடிதப் போக்குவரத்து இன்னும் முடியவில்லை; குறைகளும் சொல்ல இருக்கிறேன்; ஆகவே பெயரை விட்டுவிடுகிறேன்.

சண்டையின் தொடக்கம் பலரும் நினைப்பதுபோல் விவாகரத்து அன்று. 2021 ஜூலைக் கலவரத்தில் கடை சூறையாடப்பட்டது. கலவரச் சேதத்துக்கான அரசுக் காப்பீடான சாஸ்ரியாவின் பணம் வந்தும் சரக்கு நிரப்பப் போதவில்லை என்பதால் அத்தான் வீட்டை அடமானம் வைத்தார். அவர்களுடைய திருமணத்தில் சொத்து இருவருக்கும் பொதுவானது. எனவே அக்கா கையெழுத்திடாமல் அந்த அடமானம் நடந்திருக்காது. வீட்டின் பேரில் வாங்கிய கடனைக் கடையிலிருந்து யார் அடைப்பது என்று அண்ணனும் தம்பியும் மோதினார்கள். அதே கேள்வியில் கணவனும் மனைவியும் மோதினார்கள். அக்கா விவாகரத்துக்கு மனுப்போட்டதும், கடையில் அண்ணனுக்குள்ள பாதியில் பாதி அண்ணிக்குப் போய்விடும் என்பது தம்பிக்குப் புரிந்தது. கணக்கைக் குறைத்துக் காட்டும்படி அவன் கேட்க, அத்தான் மறுத்திருக்கிறார்.

முதல் சந்திப்பில் வழக்கறிஞர் அம்மையார் ஆறுதல் வார்த்தைகளில் நேரம் செலவிடாமல் திருமணச் சான்றிதழைக் கேட்டது எனக்கு அப்போது உறுத்தியது. பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. கோவிலில் மட்டும் நடந்து பதிவாகாத இந்துத் திருமணங்களின் மனைவியரையும், உயிலில்லாச் சொத்து விஷயத்தில் மனைவியாகவே கருத வேண்டும் என்று டர்பன் உயர் நீதிமன்றம் முன்பே தீர்ப்பளித்திருக்கிறது என்றாலும், சான்றிதழ் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். அக்காவின் திருமணம் பதிவானது. "விவாகரத்துக் கேட்டவளுக்கு என்ன பங்கு?" என்று அத்தான் வீட்டார் சுடுகாட்டிலிருந்து திரும்பிய அன்றே கேட்டுவிட்டார்கள். தீர்ப்பு வருவதற்கு முன் ஒருவர் இறந்தால் விவாகரத்து வழக்கு அத்துடன் முடிந்துபோகிறது, அக்கா சட்டப்படி மனைவியாகவே இருந்து விதவையானவள், பொதுச் சொத்தில் பாதி முதலிலேயே அவளுடையது, மீதிப் பாதியில் ஒரு பிள்ளையின் பங்கு அல்லது 2,50,000 ராண்ட், இவற்றில் எது அதிகமோ அதுவும் அவளுக்கே என்று அம்மையார் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை நான் எத்தனை உறவினரிடம் நீட்டியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

இவர்களுடைய திறமை உண்மையில் தெரிந்தது வேறொரு கோப்பில். கடை தொடங்கிய காலத்தில் சகோதரர் இருவரும் ஒருவர் உயிர்மீது மற்றவர் காப்பீடு எடுத்திருந்தார்கள். ஒருவர் இறந்தால், அந்தப் பணத்தைக் கொண்டு இறந்தவரின் பங்கை அவருடைய குடும்பத்திடமிருந்து மற்றவர் வாங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. வியாபாரக் குடும்பங்களில் இது சாதாரணமான, நல்ல ஏற்பாடுதான். ஆனால் இங்கே பணம் பெற வேண்டியவன் கொன்றவன். கடைக் கணக்குப் பெட்டியைப் புரட்டி அந்தப் பத்திரத்தைக் கண்டுபிடித்ததும் அவர்களே, முதல் வாரத்திலேயே காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பியதும் அவர்களே. இரத்தம் படிந்த கை வாரிசுப் பொருளை எடுக்காது என்று டச்சுக்காரர் விட்டுப்போன பழைய விதி ஒன்று இந்நாட்டுச் சட்டத்தில் இன்றும் உயிரோடிருக்கிறது. அவன் கைக்குப் பணம் போகாது என்பது உறுதி; அது அக்காவுக்கு வருமா என்பதுதான் நான் முன்பு சொன்ன கடிதப் போக்குவரத்து.

ஒரு நாள் காலை நாங்கள் காத்திருந்தபோது அத்தானின் தாயார் அதே அலுவலகத்துக்கு வந்தார். ஒரு மகனை எரித்துவிட்டு, இன்னொரு மகனை ஜாமீனில் எடுக்க வழி கேட்டு வந்திருந்தார். எங்கள் கோப்பு அங்கே இருப்பதால் அவர்கள் அந்த வழக்கைத் தொட முடியாது. அதை அவரிடம் எடுத்துச் சொன்னவர் அங்குள்ள மூத்த குமாஸ்தா. அலுவலகத்தில் தமிழ் பேசுபவர் அவர் ஒருவரே. நம் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டதால், ஒரு பாட்டியம்மாவிடம் அவர் மொழியிலேயே "எங்களால் முடியாதம்மா" என்று சொல்லக்கூடிய ஆள் கிடைப்பது இப்போது அரிது. அவரை உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, அரசு சட்ட உதவி அலுவலகத்துக்குப் போகும் வழியை எழுதித் தந்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார். அக்கா எதிர் நாற்காலியில் தலைகுனிந்து இருந்தாள். இரண்டு பெண்களும் அன்று ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை.

இனி குறைகள். இறந்தவரின் சொத்தை நிர்வகித்துப் பிரித்துக் கொடுக்கும் எக்ஸிகியூட்டருக்குக் கட்டணமாகச் சட்டம் அனுமதிப்பது மொத்தச் சொத்து மதிப்பில் 3.5 விழுக்காடு, அதன்மேல் வாட் வரி. கடனைக் கழிப்பதற்கு முன்புள்ள மதிப்பில் அது கணக்கிடப்படும் என்பதை நான்காம் மாதம் விவரப் பட்டியல் வந்த பிறகே அறிந்தோம். எங்களைப்போல் வீட்டின்மீது பெரிய அடமானம் உள்ளவர்களுக்கு இது சிறு தொகை அன்று. பேரம் பேசலாம் என்பதையும் அவர்களாகச் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகு 2.5 விழுக்காட்டுக்கு இறங்கி வந்தார்கள். அதைவிடப் பெரிய தவறு கடைச் சரக்கில் நடந்தது. பங்காளி இறந்தால் கூட்டு வியாபாரம் கலைந்துவிடும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள், சரக்கை எண்ணி முத்திரையிட மூன்று மாதம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் சிமெண்டும் செப்புக் குழாய்களும் யார் யார் வண்டியிலோ ஏறிவிட்டன. இறந்தவர்களின் சொத்து விவகாரங்களை மேற்பார்வையிடும் அரசின் மாஸ்டர் அலுவலகத்தின் தாமதத்துக்கு இவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்தத் தாமதம் முழுக்க இவர்களுடையது. மின்னஞ்சலுக்குப் பதில் வர ஒரு வாரம் ஆகும். நேரில் போனால் உடனே பேசுவார்கள்.

குடும்பத் தகராறும் வியாபாரத் தகராறும் ஒன்றாகப் பின்னிய வழக்குக்கு இந்த அலுவலகத்தைச் சிபாரிசு செய்வேன். எளிய சொத்துப் பிரிவினைக்கு இவ்வளவு கட்டணம் தேவையில்லை. போகிறவர்கள் கட்டண விழுக்காட்டை முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளவும். கடை இருந்தால், சரக்கை எண்ணும் தேதியையும் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளவும்.

சென்ற மாதம் அக்கா அங்கேயே தன் உயிலை எழுதினாள். இரண்டு சாட்சிகள் வேண்டுமென்றதும் நான் பேனாவை எடுத்தேன். உயிலில் என் பெயரும் இருப்பதால் நான் சாட்சியாகக் கூடாது என்று சொல்லி, அந்த மூத்த குமாஸ்தா பேனாவை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார்.