போக வர ஒரே டிக்கெட், "கடைசி விமானத்தை விட்டுவிடுங்கள்" என்ற வாக்கு: 1,113 டாலர் இழந்த அனுபவம்

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில், மனைவியும் ஏழு வயது மகனும் பக்கத்தில் நிற்க, எங்கள் மூவருக்கும் பாஸ்டன் திரும்ப டிக்கெட்டே இல்லை என்று முகப்பில் இருந்த பெண்மணி சொன்னார். அடுத்த அரை மணி நேரத்தில் 1,113 டாலர் போயிற்று. இன்றோடு நான்கு நாள் ஆகிறது, கோபம் ஆறவில்லை. ஆறிய பிறகு எழுதினால், டிக்கெட் போட்டுக் கொடுத்த முகவருக்கும் ஏதாவது ஒரு நியாயம் கற்பித்துவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. வீட்டிலிருந்தபடியே தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் மலிவு விலையில் விமான டிக்கெட் போட்டுத் தருபவர் என்று மட்டும் சொல்கிறேன். சிகாகோவுக்கு மேற்கே அரோராவில் இருக்கும் என் தங்கை, மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தாள். சனிக்கிழமை காலை அங்குள்ள பாலாஜி கோயிலில் அர்ச்சனை, பிறகு வீட்டில் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால் நான் போகாமல் இருக்க முடியாது. நேரடி விமானத்தில் போக வர ஒருவருக்கு 340 டாலர், மூவருக்கு 1,020 டாலர். முகவர் சொன்ன விலை 684.

அவர் காட்டிய வழி இதுதான். டிக்கெட் பாஸ்டனிலிருந்து சிகாகோ வழியாக அயோவா மாநிலத்தின் டெ மொயினுக்கு. நாங்கள் சிகாகோவிலேயே இறங்கிவிட வேண்டும். தூரம் கூடினால் விலையும் கூடத்தானே வேண்டும் என்று கேட்டேன். சிகாகோவுக்கு நேரடியாகப் போகிறவர்களில் அலுவல் காரணமாகப் போகிறவர்கள் அதிகம், அவர்கள் கேட்ட விலையைக் கொடுப்பார்கள். டெ மொயினுக்கோ மற்ற நிறுவனங்கள் வேறு நகரங்கள் வழியாக ஆள் பிடிப்பதால், போட்டிக்காக விலையைக் குறைத்தே வைக்க வேண்டியிருக்கிறது என்று அவர் விளக்கினார். அந்த விளக்கம் உண்மைதான். உண்மையான ஒன்றை முதலில் சொல்லிவிட்டதால் அடுத்துச் சொன்ன பொய்யையும் நம்பிவிட்டேன்.

"போகும்போது இறங்கிவிடலாம், சரி, வரும்போது டிக்கெட் டெ மொயினிலிருந்து அல்லவா தொடங்குகிறது?" என்று நான் கேட்கவே செய்தேன். "அண்ணாச்சி, அதெல்லாம் சிஸ்டத்தில் நோட் போட்டாச்சு, நீங்க சிகாகோவுலயே ஏறிக்கிடலாம்" என்றார். நான் கோவில்பட்டிக்காரன் என்பதை அதற்கு முன்பே விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார். தன் அம்மாவின் ஊர் சாத்தூர் என்றார். சாத்தூர் சேவு பற்றி ஐந்து நிமிடம் பேசினோம். பேச்சு முடிவதற்குள் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக 684 டாலரை அனுப்பிவிட்டேன். கார்டு வாங்கினால் தனக்குக் கழிவு பிடிக்கிறார்கள் என்று அவர் சொன்னதும் எனக்கு நியாயமாகவே பட்டது.

முதல் அடி வெள்ளிக்கிழமையே விழுந்தது. பாஸ்டனில் ஏறும் வாயிலில், மேல்தட்டில் இடமில்லை என்று எங்கள் கைப்பெட்டியைக் கேட்டு வாங்கினார்கள். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். என்ன காரணம் சொல்வது? வாயிலில் இருந்த பெண் பெட்டியின் கைப்பிடியில் சுற்றி ஒட்டிய தாளில் டெ மொயினுக்குரிய மூன்றெழுத்து பெரிதாக இருந்ததை நானும் என் மனைவியும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். குழந்தைக்கு எடுத்த பட்டுப்பாவாடையும் தங்கைக்கு எடுத்த சேலையும் அதற்குள் இருந்தன. கம்மல் மட்டும் மனைவியின் கைப்பையில் இருந்ததால் தப்பித்தது. பெட்டி தனியாக அயோவா போய்ச் சேர, தாய்மாமன் சீர்த் தட்டில் பழமும் பூவும் கம்மலும் மட்டும் இருந்தன. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய மாமியார் தட்டை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை இரவு செக்-இன் செய்ய முயன்றபோது செயலி பிழை காட்டியது. முகவருக்குச் செய்தி அனுப்பினேன். "ஏர்போர்ட்ல போய்ப் போட்டுக்கோங்க அண்ணாச்சி, நோட் இருக்கு" என்று பதில் வந்தது. ஞாயிறு மாலை முகப்பில் கேட்டால், அப்படி எந்தக் குறிப்பும் இல்லை. வெள்ளிக்கிழமை சிகாகோ–டெ மொயின் விமானத்தில் நாங்கள் ஏறாததால், அந்த டிக்கெட்டில் மிச்சமிருந்த பயணம் முழுவதும் தானாகவே ரத்தாகியிருந்தது. டிக்கெட்டை வரிசைப்படிதான் பயன்படுத்த வேண்டும், நடுவில் ஒன்றை விட்டால் பின்னால் உள்ளவை செல்லாது என்பது பயண ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம். முகப்புப் பெண்மணி அதைப் பொறுமையாகத்தான் சொன்னார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஒருவருக்கு 371 டாலர் வீதம் மூன்று புதிய டிக்கெட், 1,113 டாலர். மறுநாள் எனக்கு வேலை, மகனுக்குப் பள்ளிக்கூடம், வேறு வழியில்லை.

இந்த மோசடியின் முடிச்சு "கடைசி விமானம்" என்ற சொல்லில் இருக்கிறது. போகும் பாதியின் கடைசி விமானம், போக வர எடுத்த டிக்கெட்டில் கடைசி அல்ல, நான்கில் இரண்டாவது. லுஃப்தான்சா நிறுவனம் ஒரு பயணி மீது 2,112 யூரோ கேட்டு பெர்லினில் போட்ட வழக்கைப் பற்றி இந்த நான்கு நாளில் படித்தேன். அவர் ஆஸ்லோவில் தொடங்கி ஆஸ்லோவில் முடியும் டிக்கெட்டில் சியாட்டில் போய்த் திரும்பும்போது, ஃபிராங்க்ஃபர்ட்டோடு நிறுத்திக்கொண்டவர். அவர் விட்டது உண்மையிலேயே கடைசிக் கட்டம் என்பதால் ரத்தாக எதுவும் மிச்சமில்லை. வழக்கையும் நீதிமன்றம் 2018 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. மூன்று வருடமாக இதே தொழில் செய்வதாகச் சொன்ன முகவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

அதன் பிறகு அவர் பேச்சு மாறியது. ஞாயிறு இரவு, "வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்." திங்கட்கிழமை, "ஏர்லைன்ஸிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்." செவ்வாய்க்கிழமை, "ஏறாமல் விட்டது நீங்கள்தானே, அது அவர்கள் பாலிசி, நான் என்ன செய்ய முடியும்?" நோட் என்ன ஆயிற்று என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அந்தச் செய்தியில் அண்ணாச்சியும் இல்லை. வங்கியில் கேட்டால், நானே விரும்பி அனுப்பிய பணம் என்பதால் திரும்பப் பெற முடியாது என்கிறார்கள். நேரடி டிக்கெட் எடுத்திருந்தாலும் 1,020 ஆகியிருக்கும், ஆகவே உண்மையான நஷ்டம் 777 டாலர்தான் என்று என் மனைவி கணக்குப் போட்டுக் காட்டுகிறாள். அவள் கணக்கு சரி. ஆனாலும் என் மனதில் நிற்பது 1,113தான்.

விவரமாக ஆலோசனைகள் எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், இப்போது பொறுமையில்லை. போக வர ஒரே டிக்கெட்டாக இருந்தால் நடுவில் எதையும் விடாதீர்கள். யாராவது நோட் போட்டிருப்பதாகச் சொன்னால், உங்கள் பிஎன்ஆர் எண்ணைச் சொல்லி விமான நிறுவனத்திடமே கேளுங்கள். சீர்ப் பொருளைப் பெட்டியில் வைக்காதீர்கள், கைப்பெட்டியையும் வாயிலில் வாங்கிக்கொள்வார்கள். பணத்தைக் கிரெடிட் கார்டில் மட்டும் கொடுங்கள்.

பெட்டி நேற்றுதான் பாஸ்டன் வந்து சேர்ந்தது, பட்டுப்பாவாடை மடிப்புக் கலையாமல் இருக்கிறது. 1,113 டாலர் ரசீதை இன்று காலையும் முகவருக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன, பதில் வரவில்லை.