டயலாக்ஃப்ளோ இஎஸ்: எழுதுபவரின் பேச்சே சாட்பாட்டின் காது

பயனரோடு தானாக உரையாடும் சாட்பாட்டை, கூகுளின் டயலாக்ஃப்ளோ இஎஸ் என்ற கருவியில் கட்டுவது சுலபம். சிக்கல், அதில் நாம் நிரப்பும் வாக்கியங்களில்தான். ஒவ்வொரு இன்டென்ட்டுக்கும், அதாவது பயனரின் ஒவ்வொரு நோக்கத்துக்கும், அவர் தட்டக்கூடிய மாதிரியில் குறைந்தது 10 முதல் 20 பயிற்சி வாக்கியங்கள் வேண்டும். ஒருவரே உட்கார்ந்து எழுதினால் இருபதும் அவர் பேசும் மாதிரியே இருக்கும். "என் ஆர்டரை ரத்து செய்ய வேண்டும்" என்று திருத்தமாக எழுதுபவருக்கு, "தப்பா போட்டுட்டேன், வேணாம்" என்றும் ஒருவர் தட்டுவார் எனத் தோன்றாது. அந்த வரி ஃபால்பேக்கில், அதாவது எந்த இன்டென்ட்டோடும் பொருந்தாதவை சேரும் இடத்தில், போய் விழும். "புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்" என்று பதில் வரும். பாவம், பயனர் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார்.

கான்டெக்ஸ்ட், அதாவது பேச்சு எதுவரை வந்தது என்று சாட்பாட் வைத்திருக்கும் நினைவு, 20 நிமிடத்தில் காலாவதியாகிவிடும். வேகமாகத் தட்டச்சு செய்யும் வடிவமைப்பாளர் இதைக் கவனிக்கவே மாட்டார். ரசீது எண்ணைத் தேடி எழுந்துபோன முதியவருக்கோ விட்ட இடம் தொலைந்திருக்கும்.

மருந்தும் உள்ளேயே இருக்கிறது: டிரெய்னிங் பக்கம். அமைப்புகளில் உரையாடல் பதிவை இயக்கியிருந்தால், பயனர்கள் தட்டிய வரிகளை அங்கே பார்த்துச் சரியான இன்டென்ட்டில் சேர்க்கலாம். வெளியிட்ட முதல் வாரம் தினமும் பாருங்கள். ஃபால்பேக் பதிலில் இரண்டு தேர்வுகளாவது காட்டுங்கள். பயிற்சி வாக்கியம் எழுத, வேறு வயது, வேறு வேலை உள்ள மூன்று பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.