ஃபினாலே மேட்ச் 4.5 மி.மீ. பெல்லட்: பயிற்சியாளர் பார்வையில்

பத்து மீட்டர் ஏர் ரைபிள் (காற்றுத் துப்பாக்கி) போட்டியில் 4.5 மி.மீ. விட்டமுள்ள குண்டு (பெல்லட்) மட்டுமே அனுமதிக்கப்படுவதால், போட்டிக்குப் பழகுபவர்கள் எந்த அளவை வாங்குவது என்று தயங்க வேண்டியதில்லை. 5.5 மி.மீ. குண்டு எடை கூடியது; அதே ஆற்றலில் சுடும்போது வேகம் குறைந்து, தொலைவு செல்லச் செல்லக் கூடுதலாகத் தாழும். மேலும், 4.5 மி.மீ.க்கு மேற்பட்ட குழல் துளையுள்ள ஏர் ரைபிளுக்கு இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவை.

ஜெர்மனியின் எச் அண்ட் என் நிறுவனம் தயாரிக்கும் ஃபினாலே மேட்ச், 0.53 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு. அதன் தட்டையான தலை தாளில் ஓரம் பிசிறில்லாமல் வட்டமாகத் துளையிடுகிறது, 0.5 மி.மீ. புள்ளியே பத்து மதிப்பெண்ணுக்குரிய இலக்கு என்னும்போது, இந்தத் துல்லியத்தின் அருமை எளிதில் விளங்கும். மலிவான வேறொரு டப்பாவில் பல குண்டுகளின் பின்விளிம்பு நசுங்கியிருந்ததைக் கண்ட எனக்கு, இதன் சீரான விளிம்புகள் மிகுந்த நிறைவளித்தன.

ஆயினும் 4.5 என்று கேட்டு வாங்கினால் மட்டும் போதாது. தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 என வேறுபடுகிறது. எது பொருந்தும் என்பதை உங்கள் துப்பாக்கிக் குழலே தீர்மானிக்கும். துப்பாக்கியை அசையாமல் பொருத்தி, ஒவ்வோர் அளவிலும் பத்துக் குண்டுகள் சுட்டு, துளைகள் மிக நெருக்கமாக விழும் அளவையே மொத்தமாக வாங்குங்கள். ஈயம் என்பதால் பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுவது கட்டாயம்.