அல்டடீனாவில் மீண்டும் வீடு: பழைய அளவிலா, பெரிதாகவா?

2025 ஜனவரி 7 மாலை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஈட்டன் பள்ளத்தாக்கில் பற்றிய தீ, அல்டடீனா என்ற ஊரிலும் சுற்றுப்புறத்திலும் 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. பக்கத்துப் பாசடீனாவுக்குத் தனி நகராட்சி உண்டு, அல்டடீனாவுக்கு இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிதான் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாக அமைப்பு) அந்த ஊரை நேரடியாக நிர்வகிக்கிறது, கட்டட அனுமதியும் அங்கிருந்துதான் வர வேண்டும். கின்னலோவா மேசா போன்ற பகுதிகளில் அஞ்சல் முகவரியில் பாசடீனா என்றிருக்கும். அவையும் கவுண்டியின் எல்லைக்குள் வருபவையே. மனையில் அனுமதி தரும் அதிகாரம் யாருக்கு என்று உறுதிசெய்துகொள்வதே முதல் வேலை.

அடுத்த கேள்விதான் குடும்பங்களை அலைக்கழிக்கிறது. முன்பு இருந்தது போலவே கட்டுவதா, மாற்றிப் பெரிதாகக் கட்டுவதா? கட்டடக் கலைஞரை அமர்த்துவதற்கு முன்பே இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். வரைபடம் பாதி முடிந்தபின் மனம் மாறினால் பணமும் மாதங்களும் வீணாகும்.

'இருந்தது போலவே' என்ற வழியில், பழைய வீடு நின்ற இடத்தில், அதன் பரப்பும் உயரமும் சுமார் 10 சதவீதத்துக்குமேல் கூடாமல் கட்ட வேண்டும். இதற்குக் கவுண்டியின் திட்டமிடல் துறை சலுகை காட்டுகிறது. இன்றைய மனை விதிகளுக்குப் பொருந்தாத பழைய அமைப்பும் பெரும்பாலும் தொடரலாம். அல்டடீனாவில் இது சிறிய விஷயமன்று. 1920களில் எழுந்த ஜேன்ஸ் குடில்கள் என்ற சிறிய வீடுகள் முதலாக, இன்றைய விதிகள் பிறப்பதற்கு முன்பே கட்டப்பட்ட வீடுகள் அந்த ஊரில் ஏராளம். பக்கத்து எல்லையை ஒட்டி நின்ற சுவரை அதே இடத்தில் எழுப்ப இந்த வழி இடம் கொடுக்கிறது. பெரிதாகக் கட்டுபவரோ எல்லை இடைவெளி, உயரம், மனையில் கட்டடம் எவ்வளவு இடம் பிடிக்கலாம் என்று எல்லாவற்றிலும் இன்றைய விதிக்கு இணங்க வேண்டும்.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கே திருத்தியாக வேண்டும். பழைய அளவில் கட்டுவதால் பழைய முறையிலேயே கட்டிவிட முடியாது. கட்டடப் பாதுகாப்பு விதிகள் இரண்டு வழிகளுக்கும் ஒன்றுதான். கலிபோர்னியாவில் 2011 முதல் ஒவ்வொரு புதிய தனி வீட்டிலும் தீயணைப்புத் தெளிப்பான்கள் கட்டாயம். தீ அபாயப் பகுதி என்று வரையறுக்கப்பட்ட இடத்தில் தணல் புகாத காற்றுத் துளைகள், தீயைத் தாங்கும் கூரை, வெப்பத்தில் எளிதில் உடையாத கண்ணாடி ஆகியவையும் வேண்டும். இந்தக் கூடுதல் செலவுக்குக் காப்பீட்டில் 'விதி மாற்றக் காப்பு' என்ற தனிப் பிரிவு இருக்கிறதா என்று பாலிசியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். காப்பீடு பழைய வீட்டுக்குத்தான் பணம் தருகிறது. கூடுதல் அறைக்கான செலவு முழுவதும் சொந்தக் கையிலிருந்து.

எல்லோரும் அனுமதி கிடைக்கும் வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது சொத்து வரி. 1978-இல் கலிபோர்னியாவில் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய '13-ஆவது முன்மொழிவு' என்ற சட்டத்தின்படி, வீட்டின் வரி மதிப்பு, அதாவது வரி கணக்கிட எடுத்துக்கொள்ளும் மதிப்பு, வாங்கிய விலையிலிருந்து ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதமே ஏறலாம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கியவரின் வரி மதிப்பு இன்றைய சந்தை விலையில் ஒரு சிறு பங்குதான். பேரிடரில் இடிந்த வீட்டை ஏறக்குறைய அதே தன்மையில் கட்டினால் அந்தப் பழைய மதிப்பு தொடரும். பெரிதாகக் கட்டினால் கூடுதல் பகுதிக்கு மட்டும் இன்றைய மதிப்பு சேரும். ஒரு கணக்குக்காக, பழைய வரி மதிப்பு 2,00,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை வரி 1 சதவீதம், ஆண்டுக்கு 2,000 டாலர். கூடுதல் பகுதியை 2,50,000 டாலராக மதிப்பிட்டால் வரி 4,500 ஆகிவிடும். உள்ளூர் வரிகள் தனி. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு இது ஆண்டுதோறும் உறுத்தும் சுமை. அல்டடீனாவின் லேக் அவென்யூ சாலைக்கு மேற்கே, மற்ற இடங்களில் வீடு வாங்க விடாமல் தடுக்கப்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த தெருக்களில் இதன் எடை மிக அதிகம். வெளியேறும் உத்தரவு தாமதமாக வந்ததும், உயிரிழப்பு அதிகம் நேர்ந்ததும் அந்தப் பக்கத்தில்தான். அங்கே யாரும் வரியைத் தாங்க முடியாமல் மனையை விற்றுவிட்டுப் போகும் நிலை வரக் கூடாது.

அப்படியானால் பெரிதாகக் கட்டுவது யாருக்குப் பொருந்தும்? முதியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, இடம் போதாமல் தவித்த குடும்பத்துக்கு. சமீபத்தில் வாங்கியவர்களுக்கும் பொருந்தும். அவர்களிடம் இழப்பதற்குப் பழைய வரி மதிப்பு ஏதுமில்லை. அனுமதி பெறாமல் கட்டப்பட்ட அறையோடு இருந்த வீடு இன்னொரு சிக்கல். சட்டப்படி இருந்த பரப்பையே கவுண்டி பழைய அளவாக ஏற்கும். பழைய அனுமதிச் சீட்டுகளையும் வரி மதிப்பீட்டுப் பதிவையும் முதலிலேயே எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டிலும் பரப்பு வேறுபட்டால் அதை முடித்துவிட்டு மேலே போவது நல்லது.

வேகத்தைப் பொறுத்தவரை வித்தியாசம் உண்டு, ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. இரண்டு விண்ணப்பங்களும் ஒரே இணைய வாசல் வழியாகத்தான் போகின்றன. இடிபாடு அகற்றிய சான்று, திட்டமிடல் துறையின் ஒப்புதல், பொதுப்பணித் துறையின் வரைபட ஆய்வு, தீயணைப்புத் துறையின் பார்வை எல்லாம் இரண்டுக்கும் உண்டு. ஆய்வாளர் திருத்தக் குறிப்புகளோடு திருப்பி அனுப்பிய வரைபடம், பல நேரங்களில் கட்டடக் கலைஞரின் மேசையில்தான் கிடக்கிறது. அவர் கையில் எத்தனை வீடுகள் இருக்கின்றன, திருத்தத்தை எத்தனை நாளில் திருப்புவார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். அறிவிக்கப்பட்ட பேரிடரில், வீடு எழும்வரை வேறிடத்தில் தங்கும் வாடகைக்கான காப்பீட்டுக் காலம் குறைந்தது 24 மாதம். பாலிசியின் தொகை வரம்பு அதற்கு முன்பே தீர்ந்துவிடவும் கூடும். அந்தக் காலத்தை மனதில் வைத்தே ஒப்பந்தம் எழுதுங்கள்.

மூன்றாவதாக, பின்புறத்தில் சிறிய துணை வீட்டை முதலில் கட்டிக் குடியேறுவது என்ற யோசனையும் பரவலாக இருக்கிறது. மாநிலச் சட்டப்படி துணை வீட்டு விண்ணப்பத்துக்கு 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வரைபடங்களும் கிடைக்கின்றன. ஆனால் முதன்மை வீட்டுக்கு முன் துணை வீட்டில் குடியேற அனுமதி தரக் கூடாது என்பதுதான் வழக்கமான விதி. உங்கள் மனைக்குப் பேரிடர் விலக்கு பொருந்துமா என்று கவுண்டியிடமிருந்து எழுத்தில் பதில் பெறாமல் அடித்தளம் தோண்டாதீர்கள். துணை வீட்டின் மதிப்பு வரிக் கணக்கில் சேரக்கூடும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கவுண்டியின் வரைபட ஆய்வு 30 வேலை நாளைத் தாண்டினால், தகுதி பெற்ற தனியார் நிபுணரிடம் ஆய்வை ஒப்படைக்க 2025 அக்டோபரில் கையெழுத்தான மாநிலச் சட்டம் வழி செய்திருக்கிறது. சிறிய குடியிருப்புகளுக்கான இந்த உரிமை இரண்டு வழியிலும் செல்லும். செலவு விண்ணப்பதாரருடையது. வாடகைக் காப்பீடு முடியும் தறுவாயில் இருப்பவர் அந்தச் செலவைத் தயங்காமல் செய்யலாம். ஒரு மாத வாடகையோடு ஒப்பிட்டால் முடிவு தானே தெரியும்.